தொடக்கக் காட்சி

நூலுக்குப் பாயிரம் எத்தகையதோ, திரைப்படத்திற்குத் தொடக்கக் காட்சி அத்தகையது. நூலுள் நுழைவோன் பாயிரத்தைக் கொண்டே அதன் இயல்பை உணர்வான். அவ்வாறே, கொட்டகையில் விளக்கு அணைந்தபின் வெண்திரையில் விழும் முதல் இரண்டு மூன்று நிமிடங்களைக் கொண்டே, வரவிருப்பது நகைச்சுவைக் கதையோ, குடும்பக் கதையோ, நெஞ்சைத் திடுக்கிடச் செய்யும் மர்மக் கதையோ என்பதைக் காண்போன் அறிந்துகொள்கிறான். மற்றவற்றினும் மர்மப்படத்திற்கு இத்தொடக்கம் மிகவும் இன்றியமையாதது. அவ்வகைப் படம் விடையைச் சொல்லித் தொடங்குவதன்று. வினாவை எழுப்பித் தொடங்குவது. அவ்வினா எழாவிடின், பின்னர் வரும் விடைக்கு யார்தாம் காத்திருப்பர்?

இங்கிலாந்து நாட்டில் இதனைப் பள்ளிப் பயிற்சியாகவே வைத்திருந்தனர். ஓ.சி.ஆர். எனப்படும் தேர்வு வாரியம் 2008-ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொணர்ந்த ஊடகக் கல்விப் பாடத்திட்டத்தில், புதிய கதைப்படம் ஒன்றின் பெயர் வரிசையையும் தொடக்கத்தையும் இரண்டு நிமிடத்திற்கு மிகாமல் மாணவர் தாமே படம்பிடித்தல் வேண்டும் என்னும் விதி இருந்தது. 2017-இல் புதிய பாடத்திட்டம் வரும்வரை, பதினாறு பதினேழு வயது மாணவர் பலர் இப்பயிற்சியைச் செய்து வந்தனர். ஒரு குழுவில் நால்வருக்கு மேல் இருத்தல் கூடாது. பிறர் எடுத்த படத்துண்டு ஒன்றையும் சேர்த்தல் கூடாது. மொத்தம் 100 மதிப்பெண். அவற்றுள் ஆய்வுக்கும் திட்டத்திற்கும் 20, படத்திற்கு 60, முடிந்தபின் தம் வேலையைத் தாமே மதிப்பிட்டு எழுதுவதற்கு 20. முழுக்கதையையும் எடுக்க வேண்டுவதில்லை. தொடக்கம் ஒன்றே போதும். இரண்டு நிமிடந்தானே என்று எளிதாக எண்ணிப் புகுந்தவர் பலர் இடர்ப்பட்டனர். மர்மக் கதையை விரும்பி எடுத்துக்கொண்டவர் இன்னும் மிகுதியாக இடர்ப்பட்டிருப்பர்.

இப்பெரும்பணிக்கு முன்னர்ச் சிறுபயிற்சி ஒன்றும் இருந்தது. ஒருவர் கதவைத் திறக்க வேண்டும். அறையைக் கடந்து வரவேண்டும். மற்றொருவருக்கு எதிரே நாற்காலியில் அமர வேண்டும். அவரோடு இரண்டொரு சொற்கள் பேசவேண்டும். அவ்வளவே. இதனை ஒரே இடத்தில் காமிராவை நிறுத்திப் பிடித்துவிட்டால் பயிற்சி ஆகாது. வெளியிலிருந்து கை கதவின் பிடியைத் திருகுவது ஒரு ஷாட். உள்ளிருந்து கதவு திறப்பது மற்றொரு ஷாட். இரண்டையும் ஒட்டும்போது, திருகிய கை வலக்கையாயின் திறக்கும் கையும் வலக்கையாகவே இருத்தல் வேண்டும். திருகிய வேகமும் திறக்கும் வேகமும் ஒத்தல் வேண்டும். வெளியே கழுத்துத் துணி அணிந்திருந்தவன் உள்ளே வரும்போது அஃதின்றி வருவானாயின், அமைதியான காட்சியிலும் வகுப்பு முழுவதும் நகைக்கும்.

இப்பயிற்சியில் கற்பிக்கப்படும் விதிகளுள் அரிய ஒன்று, நூற்றெண்பது பாகை விதி என்பது. பெயர் அச்சுறுத்துவதாயினும் பொருள் எளிது. தேரோடும் வீதியின் ஒரு சிறகில் நின்று காண்பவனுக்குத் தேர் இடமிருந்து வலமாகச் செல்லும்; எதிர்ச்சிறகில் நிற்பவனுக்கு அதே தேர் வலமிருந்து இடமாகச் செல்லும். தேர் திரும்பவில்லை, காண்பவனே இடம் மாறினான். காமிராவும் அப்படியே. ஓடுகின்றவனை வீதியின் ஒரு பக்கத்தினின்றும், துரத்துகின்றவனை மறுபக்கத்தினின்றும் பிடித்து ஒட்டினால், இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடிவந்து தழுவிக்கொள்ளப் போவதாகத் திரையில் தோன்றும். மர்மப்படத்திற்கு இதனினும் பெரிய கேடு இல்லை. ஆகவே நடிப்போர்க்கிடையே கோடு ஒன்று கிடப்பதாக உள்ளத்திற் கொண்டு, காமிராவை அக்கோட்டின் ஒரு பக்கத்திலேயே நிறுத்துவர். தேர்ந்த இயக்குநர் வேண்டுமென்றே கோட்டைத் தாண்டுவதும் உண்டு. விதியை அறிந்து மீறுவது வேறு, அறியாமல் வழுவுவது வேறு.

இனி, அத்தகைய மாணவர் நால்வர் தம் படத்தை எடுக்கப் புறப்படுகின்றனர் என்று வைத்துக்கொள்க. கதை சிறிது. இருட்பாதை ஒன்றில் பெண்ணொருத்தி தனியே நடந்து வருகிறாள். பின்னால் காலடி ஓசை கேட்கிறது. அவள் நிற்க, ஓசையும் நிற்கிறது. மீண்டும் நடக்க, ஓசையும் தொடர்கிறது. இதற்கு இருப்புப்பாதைக்கு அடியிற் செல்லும் நடைவழி ஒன்றைத் தேர்ந்தெடுத்துள்ளனர். செங்கல் வளைவு, ஈரம் கசியும் சுவர், நடுவில் மங்கலான ஒரே விளக்கு. அரங்கு அமைத்து எடுப்பதாயின் பெரும்பொருள் செலவாகும். இங்கோ எல்லாம் இயற்கையாகவே கிடைக்கின்றன. வெளிப்புறப் படப்பிடிப்பின் முதல் இன்பம் இது. ஆனால் அரங்கத்தில் விளக்கும் ஓசையும் வெயிலும் மழையும் எடுப்போன் சொற்படி நடக்கும். வெளியில் எடுப்போனே அவற்றின் சொற்படி நடக்கவேண்டும்.

முதலில் அவர்கள் காமிரா இன்றியே அவ்விடத்திற்குச் செல்லவேண்டும். எந்த நேரத்தில் எப்பக்கம் வெளிச்சம் விழுகிறது, எத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை மேலே வண்டி ஓடுகிறது, எவ்வேளையில் மக்கள் நடமாட்டம் குறைவு என்பனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இடம் யாருடையதோ அவரிடம் இசைவு பெறவேண்டும். இருப்புப்பாதை நிலத்தில் இசைவின்றிக் கால் வைத்தல் அந்நாட்டில் குற்றம், உயிருக்கும் ஊறு. நடைவழி பொதுவழி, தண்டவாளமோ அப்படியன்று. வழுக்கும் தரை, தடுக்கும் கம்பி, நெருங்கி ஓடும் ஊர்தி ஆகிய இடையூறுகளை முன்னரே எழுதி, ஒவ்வொன்றையும் தவிர்க்கும் வகையையும் எழுதி ஆசிரியரிடம் காட்டும் வழக்கமும் அங்குள்ள பள்ளிகளில் உண்டு.

கொலைஞன் கையில் துப்பாக்கி இருந்தால் நன்றாயிருக்குமே என்று நால்வருள் ஒருவன் கூறுவான். எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவன் இருப்பான். விளையாட்டுக் கடையில் வாங்கிய பொய்த்துப்பாக்கியாயினும், தக்க காரணமின்றிப் பொதுவிடத்தில் அதனை ஏந்தி நிற்றல் 2003-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அந்நாட்டில் குற்றமாகும். சன்னல் வழியே காணும் முதியவருக்கு அது பொய்த்துப்பாக்கி என்பதும் தெரியாது, அங்கு நடப்பது படப்பிடிப்பு என்பதும் தெரியாது. அவர் காவல்துறைக்குத் தொலைபேசியில் அறிவித்தால், ஆயுதம் தாங்கிய காவலர் விரைந்து வருவர். அவர்கள் ஓடிவரும் அந்நொடியில், கையில் இருப்பது பொம்மை என்று விளக்கிக் கூறப் பொழுது இராது. ஆகவே அத்தகைய காட்சியை வெளியில் எடுக்க வேண்டின் முன்னரே காவல் நிலையத்தில் தெரிவித்தல் இன்றியமையாதது. துப்பாக்கியே இல்லாமல், சுவரில் விழும் நிழலையும் காலடி ஓசையையும் கொண்டு அச்சத்தைப் பிறப்பித்தல் அதனினும் நன்று.

அடுத்த இடர் வெளிச்சம். டிசம்பர்த் திங்களின் நடுப்பகுதியில் இலண்டன் நகரில் பிற்பகல் 4 மணிக்கு முன்னரே ஞாயிறு மறைந்துவிடும். பள்ளி விட்டு, கருவிகளைத் தூக்கிக்கொண்டு இடத்தை அடையுமுன் இருள் கவிந்துவிடும். மர்மக் கதைக்கு இருள் வேண்டுவதுதானே என்று நால்வரும் மகிழ்வர். மனிதனின் கண் இருளிலும் ஓரளவு காணும். காமிராவின் கண் அத்துணைக் கூரியதன்று. வெளிச்சம் குறையக் குறையக் கருவி தன் உணர்வைத் தானே பெருக்கிக்கொள்ள, படம் முழுவதும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் நெளியும். தொழில் அறிந்தவர் நள்ளிரவுக் காட்சியை நள்ளிரவில்தான் எடுக்கவேண்டும் என்று கருதுவதில்லை. ஞாயிறு மறைந்தபின் வானில் நீல ஒளி எஞ்சி நிற்கும் சிறுபொழுதில் எடுப்பர். அல்லது வானம் திரையில் விழாதபடி கோணம் அமைத்து, பகலிலேயே வெளிச்சத்தைக் குறைத்துப் பிடித்து இரவாக்குவர். அந்த நீலப் பொழுதோ அரைமணி நேரத்திற்கு உட்பட்டது. அதற்குள் எடுக்கவேண்டிய ஷாட்டுகளை முன்னரே படமாக வரைந்து வைத்திராத குழு, வாதாடிக்கொண்டிருக்கையிலேயே பொழுதை இழந்துவிடும்.

ஓசையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். புதியவர் படத்தில் பெரும்பாலும் முதலிற் கெடுவது ஓசையே. காற்று ஒலிவாங்கியில் மோதினால் இடிபோல முழங்கும். அதனால் அதற்கு உரோமம் நிறைந்த உறை ஒன்றை மாட்டுவர். இவ்வுறை இல்லாமல் எடுத்த உரையாடலை எத்துணை வல்ல தொகுப்பாளராலும் முற்றும் திருத்த இயலாது. மேலும், படப்பிடிப்பு முடிந்தவுடன் அனைவரும் அசையாது நிற்க, அவ்விடத்தின் அமைதியை மட்டும் ஒரு நிமிட அளவு பதிந்துகொள்வர். அமைதியை ஏன் பதியவேண்டும்? ஒவ்வோர் இடத்தின் அமைதிக்கும் ஓர் ஓசை உண்டு. நடைவழியின் அமைதியில் நீர் சொட்டும்; தொலைவில் ஊர்தி முழங்கும். இரண்டு ஷாட்டுகளுக்கிடையே அவ்வோசை அறுந்தால், கண் காணாத வெட்டைக் காது கண்டுபிடித்துவிடும்.

பொருள் இல்லாத இளைஞர் இத்தகைய இடர்களைக் கடந்து முழுப்படமே எடுத்ததற்குத் தக்க சான்று ஒன்று உண்டு. கிறிஸ்டோபர் நோலன் என்பவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். அங்கிருந்த மாணவர் திரைப்படக் கழகத்தில் அவரும், பின்னாளில் அவருடைய மனைவியும் தயாரிப்பாளருமான எம்மா தாமசும் ஈடுபட்டுழைத்தனர். கல்லூரியை விட்டு வெளிவந்தபின், பழைய நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் எடுத்த மர்மப்படம் ‘ஃபாலோயிங்’. 1998-இல் வெளிவந்த அப்படத்திற்கு ஆன செலவு ஏறத்தாழ 6,000 அமெரிக்க டாலர் என்பர். நடித்தவரும் உழைத்தவரும் வாரநாள்களில் தத்தம் வேலைக்குச் செல்பவர். ஆகையால் சனிக்கிழமைகளில் மட்டும் கூடினர். இவ்வாறே ஏறத்தாழ ஓராண்டு படப்பிடிப்பு நடந்தது. எழுதியவர், இயக்கியவர், ஒளிப்பதிவு செய்தவர் யாவரும் நோலன் ஒருவரே. வீட்டுக் காட்சிகளுக்கு நண்பர், உறவினர் இல்லங்கள் பயன்பட்டன. வெளிச்சம் பெரும்பாலும் சன்னல் வழி வந்த இயற்கை ஒளியே. கறுப்பு வெள்ளையில் எடுத்தமையால், குறைந்த ஒளியும் குறையாகத் தோன்றாமல் கதைக்கேற்ற இருண்மையாகவே தோன்றிற்று.

அப்படம் எடுத்தது 16 மில்லிமீட்டர் படச்சுருளில். இதன் கணக்கை அறிந்தாலன்றி அவ்விளைஞர் பட்ட பாடு விளங்காது. அச்சுருளில் ஓர் அடிக்கு 40 சட்டங்கள்; ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். எனவே 100 அடிச் சுருள் ஒன்று மூன்று நிமிடம்கூட நில்லாது. 166 நொடிகளில் தீர்ந்துவிடும். ‘ஃபாலோயிங்’ ஏறத்தாழ 70 நிமிடம் ஓடும் படம். வீணாக ஓரடியும் போகாதென்று கொண்டாலும் 2,520 அடி வேண்டும். ஒவ்வொரு ஷாட்டையும் ஐந்து முறை எடுத்தால் 12,600 அடி. சுருளை வாங்கும் செலவன்றி அதனைக் கழுவி அச்சிடும் செலவும் உண்டு. நடிகர் ஒருமுறை நாத்தடுமாறினால் கைப்பணம் கரையும். இதற்கு அவர்கள் கண்ட வழி, மேடை நாடகத்திற்குப் பயில்வதுபோல நெடுநாள் ஒத்திகை பார்ப்பது. நன்கு பயின்றபின்னரே காமிராவை முடுக்கினர். பெரும்பாலும் முதல் டேக்கோ இரண்டாம் டேக்கோ போதியதாயிற்று.

அப்படத்தின் தொடக்கம் எத்தகையது? கையுறை அணிந்த கைகள் சிறு பொருள்கள் சிலவற்றை எடுத்து ஆராய்வதை மிக அண்மையிற் காண்கிறோம். யாருடைய கைகள், யாருடைய பொருள்கள் என்பன கூறப்படவில்லை. பின்னர் இளைஞன் ஒருவன் தன் செயலை மற்றொருவரிடம் விளக்கத் தொடங்குகிறான்: தெருவிற் செல்லும் முன்பின் அறியாதாரைப் பின்தொடர்ந்து செல்வது தன் வழக்கமாயிற்று என்கிறான். கைகளும் மேசையும் தெருவும் கூட்டமுமே காட்சிக்குக் கிடைத்தவை. பொருட்செலவு சிறிதும் இல்லாத அவற்றைக்கொண்டே வினா எழுப்பப்படுகிறது. இலண்டன் தெருவில் உண்மையாகவே போவாரும் வருவாரும் அப்படத்திற்குக் கூலி பெறாத துணைநடிகராயினர். அக்கதை காலமுறைப்படி செல்லாமல் முன்பின்னாக மாறிவருவது. இளைஞனின் பரட்டைத் தலை, பின்னர் அவன் முடி கத்தரித்து உடை திருத்திய தோற்றம், அதன்பின் முகத்திற் பட்ட காயம் இவற்றைக்கொண்டே எது முன், எது பின் என்று காண்போர் உய்த்துணர்கின்றனர். இங்குத் தொடர்ச்சிக் குறிப்பில் ஒரு பிழை நேர்ந்தாலும் கதையே குலைந்துவிடும்.

தொடர்ச்சி என்னும்போது, நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று நினைவிற்கு வருகிறது. அது மர்மப்படமன்று, தொடக்கக் காட்சியும் அன்று. எனினும் வெளியிற் சென்று எடுப்போர் அனைவரும் அறியத் தக்கது. சத்தியஜித் ராய் தம் முதற்படமான ‘பதேர் பாஞ்சாலி’யின் படப்பிடிப்பை 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், கல்கத்தாவிலிருந்து நெடுந்தொலைவில், நாணற்பூப்போல் வெண்ணிறக் காசப்பூக்கள் நிறைந்த வெளி ஒன்றில் தொடங்கினார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அப்போது இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர். திரைப்படக் காமிராவை அதற்குமுன் இயக்கியறியாதவர். சிறுமியும் அவள் தம்பியும் பூக்களினூடே சென்று புகைவண்டியைக் காணும் காட்சி அது. ஒருநாள் எடுத்தனர், எஞ்சியதை அடுத்த வாரம் எடுக்கலாம் என்று திரும்பினர். மறுவாரம் சென்று பார்த்தால் வெளி வெறிச்சென்று கிடந்தது. பூக்கள் அனைத்தையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மாடுகளை நொந்து பயனென்ன? மீண்டும் பூக்கும் பருவம்வரை அக்காட்சி காத்திருந்தது. படம் வெளிவந்தது 1955-இல்.

மேற்கூறிய நால்வர்க்கு வகுப்பில் மர்மப்படத் தொடக்கத்திற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகக் காட்டத்தக்க படம் எதுவென்றால், ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1958-இல் வெளிவந்த ‘டச் ஆஃப் ஈவில்’ என்பதைப் பலரும் கூறுவர். மெக்சிகோ நாட்டு எல்லைநகர் ஒன்றில் நிகழ்வது அக்கதை. ஆயினும் அத்தொடக்கக் காட்சியை எடுத்த இடம் கலிபோர்னியாவில் உள்ள வெனிஸ் என்னும் ஊர். அங்கிருந்த தூண் வரிசைகளும் பழுதுற்ற தெருக்களும் எல்லைநகராக மாறின.

கை ஒன்று வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகுகிறது. உருவம் ஒன்று சுவரோரமாக ஓடி, நின்றிருக்கும் காரின் பின்பெட்டியில் அதனை வைத்து மறைகிறது. அறியாத இருவர், ஓர் ஆணும் பெண்ணும், அக்காரில் ஏறிச் செல்கின்றனர். காமிரா கிரேனில் எழுந்து கூரைகளைத் தாண்டித் தெருவில் இறங்குகிறது. காவலர் கைகாட்டக் கார் நிற்கிறது, ஆட்டுமந்தை குறுக்கிடுகிறது, புதிதாக மணந்த மற்றோர் இணையர் காரின் அருகே நடந்து வருகின்றனர். கார் முந்தும், அவர்கள் முந்துவர். யார் இறப்பர்? எல்லைச்சாவடியில் எல்லாரும் ஒருங்கே நிற்கின்றனர். காரில் இருக்கும் பெண், தன் தலைக்குள் ஏதோ டிக்டிக் என ஒலிக்கிறது என்று முறையிடுகிறாள், யாரும் செவிசாய்க்கவில்லை. கார் எல்லையைக் கடக்கிறது. பின்னர் வெடிக்கிறது. கடிகாரத்தைத் திருகியது முதல் அதுவரை 3 நிமிடம் 20 நொடி அளவு. இடையில் ஒரு வெட்டும் இல்லை. 1958-இல் வெளியிட்டவர்கள் இக்காட்சியின்மேல் பெயர் வரிசையை எழுதி இசையும் சேர்த்தனர். வெல்ஸ் எழுதிவைத்த 58 பக்கக் குறிப்பைப் பின்பற்றி வால்டர் மர்ச் என்னும் தொகுப்பாளர் 1998-இல் படத்தைத் திருத்தியபோது, எழுத்துகள் நீங்கின. பேரிசைக்கு மாறாகத் தெருவோசைகளும் கடைகளிலிருந்து கசியும் பாட்டுகளும் வந்து சேர்ந்தன.

வெட்டு இல்லாத காட்சியில் யாவரும் ஒருங்கே தவறாதிருத்தல் வேண்டும். கார் ஓட்டுபவர், நடப்பவர், ஆடு மேய்ப்பவர், கிரேனை இயக்குபவர், குவியத்தைத் திருத்துபவர் ஆகிய ஒருவர் பிழைத்தாலும் கடிகாரம் திருகுவதிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும். அவ்விரவு முழுவதும் அவர்கள் அதனையே திரும்பத் திரும்ப எடுத்தனர் என்றும், சாவடிக் காவலராக நடித்தவர் காட்சியின் இறுதிக்கு வந்து வந்து தம் சொற்களை மறந்து நின்றார் என்றும், அதில் நடித்த சார்ல்டன் ஹெஸ்டன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மூன்று நிமிட உழைப்பு ஒவ்வொரு முறையும் கடைசிச் சொல்லிற் கெட்டது. வெல்ஸ் அந்நடிகரைக் கடிந்துகொள்ளவில்லை. சொல் வராவிட்டால் உதட்டையாவது அசைக்கும்படியும், குரலைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் கூறினாராம். அதற்குள் கீழ்வானம் வெளுக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒருமுறை எடுக்க மட்டுமே இருள் எஞ்சியிருந்தது. அதனை எடுத்தனர். படத்தில் இன்றும் ஓடுவது அந்தக் கடைசி டேக். அதன் தொடுவானில் விடியலின் வெளிறல் சற்றே தெரியும்.